தரத்தை எழுதியவர்களுக்கே தரமில்லை என்றார்கள்

விபத்தில் அடிபட்டுச் சாலையில் கிடக்கும் ஒருவர், தன்னைத் தூக்க வந்த ஆம்புலன்ஸ் ஊழியரிடம் "நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள்?" என்று கேட்பதில்லை. கேட்கும் நிலையிலும் அவர் இருப்பதில்லை. அந்தக் கேள்வியை அவருக்காக அரசுதான் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். ரத்தப்போக்கை நிறுத்தத் தெரியாதவரும், உடைந்த கழுத்தை அசைத்துவிடுபவரும், மூச்சுப்பாதை அடைபட்டிருப்பதைக் கவனிக்காதவரும் அந்த வண்டியில் வரக்கூடாது. ஆகவே அவசர மருத்துவப் பணியாளர்களுக்கு நாடு முழுவதும் ஒரு பொதுத் தரம் வேண்டும், பதிவும் சான்றிதழும் வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை.

ஒன்றிய அரசு 2021இல் இதற்கான சட்டத்தை இயற்றியது. துணை மருத்துவப் பணிகளுக்கும் பிற உடல்நலப் பணிகளுக்கும் ஒரு தேசிய ஆணையத்தை அது உருவாக்குகிறது. மாநிலங்கள் தங்கள் பங்குக்கு மன்றங்களை அமைக்க வேண்டும். சட்டத்தின் அட்டவணையில் அவசர மருத்துவப் பணியாளர்களும் இருக்கிறார்கள். துணை மருத்துவப் பணியாளர் என்ற தகுதிக்கு, 2 முதல் 4 ஆண்டுகளுக்குள் குறைந்தது 2,000 மணி நேரம் படித்துப் பெற்ற பட்டயமோ பட்டமோ தேவை என்று சட்டம் வரையறுக்கிறது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சாதி ஒழிப்பைப் பேசுகிற நாம் இதில் இன்னொரு கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும். ஒரு வேலை 'தொழில்' என்ற மதிப்பைப் பெறும்போது, அதுவரை அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவர்கள் என்ன ஆகிறார்கள்? அவர்களும் சேர்ந்து மேலே ஏறுகிறார்களா, வாசலிலேயே நிறுத்தப்படுகிறார்களா?

இதற்கு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகர வரலாற்றில் ஒரு பதில் இருக்கிறது. அவசர மருத்துவப் பணிக்குத் தேசியச் சான்றிதழ் என்பது உருவாகிவந்த அதே ஆண்டுகளில் நடந்தது அது. கறுப்பின மக்களின் அனுபவத்தில் நம் அனுபவத்தைத் தேடுவது நமக்குப் புதிதும் அல்ல. அம்பேத்கர் 1946இல் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் மராட்டிய இளைஞர்கள் கருஞ்சிறுத்தைகளின் பெயரைத் தழுவித் தலித் சிறுத்தைகள் என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்த வரிசையில் இந்தக் கதையையும் நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பிண வண்டியும் போலீஸ் வண்டியும்

1960களின் நடுவில் அமெரிக்காவில் ஆம்புலன்ஸ் என்பது பெரும்பாலும் வெறும் வண்டி. 1966இல் அந்நாட்டின் தேசிய அறிவியல் கழகம் வெளியிட்ட அறிக்கை, விபத்துக் காயத்தை நவீன சமூகம் புறக்கணித்த நோய் என்று வர்ணித்தது. அதற்கு முந்தைய ஆண்டில் மட்டும் விபத்துகளில் 1,07,000 பேர் இறந்திருந்தார்கள். ஆம்புலன்ஸ் சேவைகளில் ஏறக்குறையப் பாதியை நடத்தியவர்கள் ஈமச்சடங்கு நிறுவனத்தார். சவப்பெட்டி ஏற்றும் நீண்ட வண்டியில் ஆளைப் படுக்கவைக்க முடியும் என்பதுதான் அதற்குக் காரணம்.

பிட்ஸ்பர்க்கில் இந்த வேலையைக் காவல்துறை செய்தது. கைதிகளை ஏற்றும் வண்டியின் பின்புறம் நோயாளியைக் கிடத்திவிட்டு, இரண்டு போலீஸ்காரர்களும் முன்னால் போய் உட்கார்ந்துகொள்வார்கள். பின்னால் கிடப்பவர் மருத்துவமனை போய்ச் சேரும்வரை தனியாகவே கிடக்க வேண்டியதுதான். நகரத்தின் கறுப்பினக் குடியிருப்பான ஹில் டிஸ்ட்ரிக்டில் நிலைமை இன்னும் மோசம். அழைத்தால் போலீஸ் தாமதமாக வரும், சில நேரம் வராது. வந்தாலும், அடித்துத் தூக்கிப்போகிற அதே வண்டியில் நெஞ்சுவலிக்காரரை ஏற்றி அனுப்ப யாருக்கு மனம் வரும்?

1966 நவம்பரில் பிட்ஸ்பர்க்கின் முன்னாள் மேயரும் பென்சில்வேனியாவின் முன்னாள் ஆளுநருமான டேவிட் லாரன்ஸ் மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தார். அவரையும் போலீஸ் வண்டிதான் ஏற்றிச் சென்றது. சில நாட்களில் இறந்துபோனார். ஏழைகளுக்கு அன்றாடம் நடந்துகொண்டிருந்த ஒன்று ஒரு பெரிய மனிதருக்கும் நடந்தது.

ஹில் டிஸ்ட்ரிக்டின் இளைஞர்கள்

அந்த நகரத்தில் பீட்டர் சஃபார் என்ற மயக்கவியல் மருத்துவர் இருந்தார். இதயமும் மூச்சும் நின்றவரை மீட்கும் சிபிஆர் முறையை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். மருத்துவமனைக்கு வெளியே, சம்பவம் நடந்த இடத்திலேயே சிகிச்சை தொடங்க வேண்டும், அதை மருத்துவர் அல்லாதவர்களுக்கும் கற்றுத்தர முடியும் என்பது அவர் கருத்து. ஃபில் ஹாலன் என்பவர் மருத்துவ அறக்கட்டளை ஒன்றின் தலைவர். ஜேம்ஸ் மெக்காய் ஹில் டிஸ்ட்ரிக்டில் கறுப்பின மக்களுக்கு வேலைவாய்ப்பு உருவாக்கும் ஃப்ரீடம் ஹவுஸ் என்ற அமைப்பை நடத்தியவர். மூவரும் சேர்ந்து 1967இல் ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவையைத் தொடங்கினார்கள்.

பயிற்சிக்கு எடுக்கப்பட்டவர்கள் அந்தப் பகுதியின் கறுப்பின இளைஞர்கள். வேலையில்லாதவர்கள், வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள், பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள், சிறைக்குப் போய்வந்தவர்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். வேலைக்கே லாயக்கில்லாதவர்கள் என்று நகரம் எழுதித்தள்ளிய ஆட்கள். சஃபார் அவர்களுக்காகப் பாடத்தை எளிமையாக்கவில்லை. உடற்கூறியல், இதய இயக்கம், முதலுதவி, மகப்பேறு, வண்டி ஓட்டும் முறை என்று 300 மணி நேர வகுப்பு. அதோடு மருத்துவமனைப் பிரிவுகளில் நேரடிப் பயிற்சி. பள்ளிச் சான்றிதழ் இல்லாதவர்கள் அதற்குச் சமமான தேர்வையும் எழுத உதவி செய்யப்பட்டது. அக்காலத்தில் அந்த நாட்டில் வேறெந்த ஆம்புலன்ஸ் ஊழியருக்கும் இவ்வளவு பயிற்சி கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

அவர்கள் முதல் ஆண்டிலேயே 5,800 அளவுக்கு அழைப்புகளை ஏற்றார்கள். 4,600க்கும் மேற்பட்டோரை மருத்துவமனை சேர்த்தார்கள். அந்த ஆண்டில் சுமார் 200 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாகச் சஃபார் கணக்கிட்டார். வெள்ளையர்களில் சிலர் சாகும் தறுவாயிலும் இந்தக் கைகள் தங்களைத் தொட வேண்டாம் என்றார்கள். தீண்டாமை நமக்கு மட்டுமே உரிய சொத்து என்று நினைக்க வேண்டியதில்லை.

1974இல் நான்சி கரோலின் என்ற இளம் மருத்துவர் இந்தச் சேவையின் மருத்துவ இயக்குநராக வந்தார். ஊழியர்களோடு வண்டியில் சென்றார், தெருவிலேயே பாடம் நடத்தினார். நோயாளியின் மூச்சுக்குழாய்க்குள் குழல் செலுத்துவதையும், இதயத்தின் மின்வரைபடத்தைப் படிப்பதையும், சிரை வழியாக மருந்து ஏற்றுவதையும் அவர்கள் சாலையோரத்தில் செய்தார்கள். பாராமெடிக் பயிற்சிக்கான முதல் தேசியப் பாடத்திட்டத்தை எழுதும் பொறுப்பை அமெரிக்கப் போக்குவரத்துத் துறை கரோலினிடம் ஒப்படைத்தது. ஹில் டிஸ்ட்ரிக்டின் ஊழியர்கள் தெருவில் செய்து பார்த்துச் சரிபார்த்ததுதான் அந்தப் பாடத்திட்டத்துக்கு அடிப்படை. ஒரு நாட்டின் மருத்துவத் தரத்தை எழுதும் வேலையில், நகரம் ஒதுக்கிய சேரியின் இளைஞர்களுக்கும் பங்கிருந்தது.

1975 அக்டோபர் 15

பிட்ஸ்பர்க் நகராட்சிக்கு இது பெருமையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் வெள்ளையர் பகுதிகளுக்குச் சேவையை விரிவுபடுத்த நகரம் அனுமதிக்கவில்லை. தரவேண்டிய பணத்தையும் இழுத்தடித்தது. பிறகு மேயர் பீட் ஃபிளாஹெர்ட்டி நகராட்சியே சொந்தமாக ஆம்புலன்ஸ் சேவை நடத்தும் என்று அறிவித்தார். 1975 அக்டோபர் 15 அன்று ஃப்ரீடம் ஹவுஸ் மூடப்பட்டது.

ஊழியர்களை அப்படியே வேலைக்கு எடுக்க வேண்டும், அவர்கள் குழுக்களைப் பிரிக்கக் கூடாது என்று கரோலின் வாதாடினார். நகரம் ஒப்புக்கொண்டது, செயலில் மாற்றியது. குழுக்கள் பிரிக்கப்பட்டன. புதிது புதிதாகத் தேர்வுகள் வந்தன. பழைய குற்ற வழக்கு இருந்தவர்கள் கழித்துக்கட்டப்பட்டார்கள். ஏழெட்டு ஆண்டு அனுபவம் உள்ளவர்கள், நேற்று பயிற்சி முடித்த வெள்ளை ஊழியர்களுக்குக் கீழே நிறுத்தப்பட்டார்கள். நோயாளியைத் தொடவிடாமல் பெட்டி தூக்கவும் வண்டி ஓட்டவும் வைக்கப்பட்டார்கள். அவமானம் தாங்காமல் பலர் விலகிப்போனார்கள். 1990களின் இறுதியில் பிட்ஸ்பர்க் நகரப் பாராமெடிக்குகளில் 98 விழுக்காட்டினர் வெள்ளையர்.

நின்று போராடியவர்களில் ஒருவர் ஜான் மூன். மருத்துவமனை ஆர்டர்லியாக இருந்து ஃப்ரீடம் ஹவுஸுக்கு வந்தவர். நகரச் சேவையில் துணைத் தலைமை அதிகாரி வரை உயர்ந்து, கறுப்பின இளைஞர்களை மீண்டும் உள்ளே கொண்டுவர முயன்றவர். 2009இல் ஓய்வு பெற்றார். ஒருவர் மேலே வந்தது உண்மை. ஒரு தலைமுறையே வெளியேற்றப்பட்டதும் உண்மை.

இன்னொரு செய்தியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவசர மருத்துவப் பணியாளர்களுக்கான தேசியப் பதிவகம் அமெரிக்காவில் 1970இல் உருவானது. 1971இல் முதல் தேர்வை நடத்தியது. 1975இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் பாராமெடிக் பணியைத் துணை மருத்துவத் தொழிலாக அங்கீகரித்தது. ஃப்ரீடம் ஹவுஸ் மூடப்பட்டதும் அதே ஆண்டில்தான். வேலை தொழிலான ஆண்டிலேயே, அந்த வேலையைத் தொழிலாக்கியவர்கள் தெருவுக்கு வந்தார்கள்.

தேசியப் பதிவகம் அவர்களை வெளியேற்றவில்லை, நகராட்சிதான் வெளியேற்றியது. இதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் தேசியச் சான்றிதழ் வந்ததாலேயே வாசல் தானாகத் திறந்துவிடவும் இல்லை. 2008 முதல் 2017 வரை அந்தப் பதிவகத்தில் சான்றிதழ் பெற்றவர்களைப் பற்றிய ஆய்வில், பாராமெடிக்குகளில் கறுப்பினத்தவர் 3 விழுக்காடு அளவிலேயே இருந்தது தெரியவந்தது. அதற்குக் கீழ்நிலையில் உள்ள இஎம்டிகளில் 5 விழுக்காடு. பத்து ஆண்டுகளாக அதில் மாற்றமே இல்லை. அந்நாட்டு மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் சுமார் 13 விழுக்காடு.

தொட்டவர்களும் பட்டம் பெற்றவர்களும்

இப்போது நம் ஊருக்கு வருவோம். உடலைத் தொடுவது, ரத்தத்தைத் துடைப்பது, பிரசவம் பார்ப்பது, பிணத்தைத் தூக்குவது இவையெல்லாம் இங்கே சாதியாகவே பிரித்துக் கொடுக்கப்பட்ட வேலைகள். தமிழ்நாட்டில் பிள்ளைப்பேறு பார்த்தவர்கள் பெரும்பாலும் நாவிதர் சமூகப் பெண்கள். அந்தச் சமூகத்துக்கு 'மருத்துவர்' என்ற பெயரே உண்டு. காலனியாட்சிக் கால மருத்துவ அறிக்கைகள் அந்தப் பெண்களை அழுக்குக்கும் அறியாமைக்கும் உதாரணமாக எழுதின. 1926இல் சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சியர் பதிவுச் சட்டம் வந்தது. பயிற்சி பெற்ற பிரசவப் பணி தாய்மார்களின் உயிரைக் காத்தது, அதில் மாற்றுக் கருத்தில்லை. பழைய மருத்துவச்சிகளுக்கு ஆங்காங்கே சிறு பயிற்சிகளும் தரப்பட்டன. ஆனால் ஊதியமும் ஓய்வூதியமும் உள்ள பணிக்கு அவர்களையும் அவர்கள் மகள்களையும் ஏற்றிவிடும் படிக்கட்டு ஒன்றை யாரும் கட்டவில்லை. பெயர் மட்டும் 'மருத்துவர்' என்று நின்றுபோனது.

மறுபக்கத்தையும் அம்பேத்கர் பதிவு செய்திருக்கிறார். தன் அனுபவக் குறிப்புகளில் அவர் எடுத்துச் சொல்லும் நிகழ்ச்சி அது. கத்தியவாரில் தீண்டப்படாத சமூகத்தைச் சேர்ந்த ஓர் ஆசிரியரின் மனைவி பிரசவத்துக்குப் பின் நோயுற்றார். வந்த மருத்துவர் சேரிக்குள் வர மறுத்தார். அந்தப் பெண்ணை வெளியே கொண்டுவரச் சொன்னார். காய்ச்சல்மானியை ஓர் இஸ்லாமியரிடம் கொடுத்தார், அவர் கணவரிடம் கொடுத்தார், கணவர் மனைவிக்கு வைத்தார். அதே வழியில் காய்ச்சல்மானி திரும்பி வந்தது. தொடாமலே நோயைச் சொல்லிவிட்டு மருத்துவர் போய்விட்டார். பிறகு கூப்பிட்டும் வரவில்லை. அந்தப் பெண் இறந்துபோனார்.

அந்த மருத்துவரிடம் பட்டம் இருந்தது. எந்தத் தேர்வும் அவரிடம் 'நீ எல்லோரையும் தொடுவாயா?' என்று கேட்டிருக்காது. அவசர மருத்துவத்தின் முதல் தகுதியே அதுதான்.

108 என்ன ஆகும்?

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. வண்டிக்கு ஓர் ஓட்டுநர், ஒரு மருத்துவ உதவியாளர். மலைக் கிராமத்துக்கும் சேரிக்கும் நள்ளிரவில் வருகிற ஒரே மருத்துவக் கை பல நேரங்களில் இவர்களுடையதுதான். ஓடும் வண்டியிலேயே பிரசவம் பார்த்த செய்திகளை நாம் அடிக்கடி படிக்கிறோம். ஆனால் பணம் அரசுடையது, நிர்வாகம் தனியாருடையது. ஊழியர்கள் அரசு ஊழியர்கள் அல்லர். 12 மணி நேர வேலையை 8 மணி நேரமாக்கக் கேட்டு அவர்கள் பலமுறை போராடியிருக்கிறார்கள். தமிழ்நாடு பெருமையோடு சொல்லும் 69 விழுக்காடு இடஒதுக்கீடு இந்த ஒப்பந்த வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது.

இந்த நிலைமையின் மேல்தான் தேசியப் பதிவு வந்து உட்காரப்போகிறது. இப்போது பணியில் இருப்பவர்களில் செவிலியம் படித்தவர்கள் உண்டு, அறிவியல் பட்டம் பெற்றவர்கள் உண்டு. அவசர மருத்துவத்தை அவர்கள் கற்றது வேலையில் சேர்ந்தபின் கிடைத்த சில வாரப் பயிற்சியிலும், அதற்குப் பிறகு சாலையிலும்தான். பத்து ஆண்டு வண்டியில் போனவரிடம் நாளைக்கு 2,000 மணி நேரப் படிப்பின் சான்றிதழ் எங்கே என்று கேட்டால் அவர் என்ன செய்வார்? வேலையை விட்டுவிட்டு யார் பணத்தில் படிப்பார்? அரசுக் கல்லூரி இடங்கள் போதாத இடத்தில் தனியார் கல்லூரிகள் கடை விரிக்கும். கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகள் 'தகுதியோடு' வருவார்கள். வேலைக்கு நல்ல ஊதியமும் மதிப்பும் வரும் நேரத்தில் ஆட்கள் மாறியிருப்பார்கள். பிணவறையிலும் துப்புரவிலும் மட்டும் ஆட்கள் மாற மாட்டார்கள், ஏனென்றால் அங்கே யாரும் தேர்வு வைப்பதில்லை.

"அப்படியானால் தரத்தைத் தளர்த்தச் சொல்கிறீர்களா?" என்று கேட்பார்கள். இல்லை. மோசமான ஆம்புலன்சால் முதலில் சாவது யார்? சொந்தக் கார் இல்லாதவர்கள், பெரிய மருத்துவமனை பக்கத்தில் இல்லாதவர்கள், அதாவது நம் மக்கள். தரம் உயர வேண்டும் என்பது முதலில் நம் கோரிக்கை. 300 மணி நேர வகுப்பைப் பள்ளிப் படிப்பு முடிக்காத இளைஞர்கள் கடந்து வந்தார்கள் என்பதுதான் ஃப்ரீடம் ஹவுஸ் தரும் பாடம். பாடத்தின் கடினம் அவர்களை வெளியேற்றவில்லை. பயிற்சியும் ஊதியமும் நம்பிக்கையும் கொடுத்தபோது எல்லாவற்றையும் கற்றார்கள். அவை பறிக்கப்பட்டு, வடிகட்டுவதற்கென்றே தேர்வுகள் வந்தபோதுதான் வெளியே தள்ளப்பட்டார்கள். கற்றுக்கொடுத்துவிட்டு வைக்கும் தேர்வுக்கும் கழித்துக்கட்ட வைக்கும் தேர்வுக்கும் உள்ள வேறுபாட்டை நீட் நமக்கு ஏற்கெனவே கற்றுக்கொடுத்திருக்கிறது.

நாம் கேட்க வேண்டியவை

மாநில மன்றமும் அதன் விதிகளும் வெறும் நிர்வாக விஷயம் என்று நாம் விட்டுவிடக் கூடாது. இந்த ஐந்தையாவது கேட்க வேண்டும்.

ஒன்று, பணியில் இருப்பவர்களின் அனுபவத்தை மணிக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். மீதமுள்ள பயிற்சியை ஊதியத்தோடு கூடிய பணி நேரத்தில் அரசு தர வேண்டும். பயிற்சி முடியும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது.

இரண்டு, தேர்வு தமிழில் இருக்க வேண்டும். கைத்திறனைச் சோதிக்கும் செய்முறைக்கு எழுத்துத் தேர்வைவிட அதிக இடம் வேண்டும். நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கிற கைக்கு ஆங்கில இலக்கணம் தேவையில்லை.

மூன்று, எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்பதைச் சாதிவாரியாகவும் பாலின வாரியாகவும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அமெரிக்காவின் 3 விழுக்காடு நமக்குத் தெரிவதற்குக் காரணம், அங்கே இனவாரியாகக் கணக்கு எடுக்கிறார்கள். இங்கே எண்ணாமல் விட்டுவிட்டால் 'எல்லாம் தகுதிப்படிதான்' என்று சொல்லிவிடலாம்.

நான்கு, 108 பணிகளை அரசுப் பணியாக்க வேண்டும். அதுவரை, அரசுப் பணத்தில் நடக்கும் ஒப்பந்தத்தில் இடஒதுக்கீட்டை ஒரு கட்டாய நிபந்தனையாக எழுத வேண்டும்.

ஐந்து, தரத்தை வகுக்கும் மேசையில் வண்டியில் போகிறவர்களுக்கு இடம் வேண்டும். மருத்துவர்களும் கல்லூரி முதலாளிகளும் மட்டுமே உட்கார்ந்து எழுதும் விதி, சாலையில் என்ன நடக்கிறது என்று அறியாத விதியாகவே இருக்கும்.

பாடத்திட்டத்துக்கு உழைத்தவர்களையே பாடத்தில் தோற்றவர்கள் என்று பிட்ஸ்பர்க் அறிவித்தது. அங்கே அந்தக் கதையை வெளியே கொண்டுவரப் பல பத்தாண்டுகள் ஆனது. இங்கே விதிகள் நடைமுறைக்கு வரும் காலம் இது. பிறகு வரலாறு எழுதி வருந்துவதைவிட, இப்போதே 108 ஊழியர் சங்கங்களோடு உட்கார்ந்து பேசுவதும், விதிகளை வரிக்கு வரி படிப்பதும், மேற்சொன்ன ஐந்தையும் ஆட்சியாளர்களிடம் எழுத்தில் கேட்பதும் நம் தலைமுறைக்கு உடனடி வேலை.